முட்டைக்கண் வண்டியின் கடைசி ஆர்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டார். முப்பது வருடம் மெர்சண்டைசராக இருந்து, கடைசியில் உங்கள் கம்பெனியில் ரிட்டையர் ஆனவள் என்பதால், வாங்குபவருக்கு எப்படி மெயில் எழுதுவது, கண்டெய்னர் தேதி தவறினால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் மூன்று மாதத்தில் உங்களுக்குத் தானாக வந்துவிடும். நான் சந்தேகப்படுவதைப் பற்றி எழுதப்போகிறேன். வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் முழுசாக ஒன்றைச் சொல்வதில்லை. அதனால் நம் வேலையில் பாதி, சந்தேகப்படுவதுதான். ஒரே மாதத்தில் எனக்கு வந்த இரண்டு சந்தேகங்களில் ஒன்று சரியாக இருந்தது. இன்னொன்று படுமோசமாகத் தப்பாகிப் போனது. இரண்டும் ஒரு காரைப் பற்றியவை.

அப்போது நான் ஆம்பூரை ஒட்டிய ஒரு தோல் கம்பெனியில் இருந்தேன். தோலைப் பதப்படுத்தி, சாயம் ஏற்றி, கார் சீட்டுக்கான உறையாகத் தைத்தும் அனுப்புவோம். எங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் ஒரே ஒரு காருக்குப் போனது. வெளிநாட்டுக் கார். அந்தக் காலத்து வண்டி மாதிரி உருண்டை முகம், இரண்டு பெரிய வட்ட விளக்கு, கதவோரம் பளபளப்பான கோடு. உள்ளே இருப்பதெல்லாம் இந்தக் காலத்து எஞ்சின். பழைய மோஸ்தரில் புது வண்டி. தையல் ஹாலில் அதன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் அதற்கு 'முட்டைக்கண் வண்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதன் சீட் நிறத்துக்கு வாங்குபவர் ஏதோ நீளமான பேர் வைத்திருந்தார். எங்களுக்கு அது வெல்லக் கலர்.

ஆர்டர் நேராகக் கார் கம்பெனியிடமிருந்து வராது. நடுவில் ஒரு சீட் கம்பெனி. அதற்குச் சென்னையில் ஒரு ஏஜென்ட். அந்த சீட் கம்பெனி வருடா வருடம் ஜனவரியில் ஒரு சின்னத் தோல் துண்டை உறையில் போட்டு, கையெழுத்தும் முத்திரையுமாக அனுப்பும். மாஸ்டர் ஸ்வாட்ச். அந்த வருடம் முழுக்க நாம் அனுப்புகிற ஒவ்வொரு தோலும் அந்தத் துண்டின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். தோல் வெளிச்சம் பட்டால் நிறம் மாறும். ஆகவே ஒரு துண்டுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். இதில் அவர்கள் எவ்வளவு கறார் என்றால், ஒருமுறை என் கண்ணுக்கும், நிறம் சேர்த்துப் பார்க்கிற எங்கள் ஷேட் மாஸ்டர் கண்ணுக்கும் தெரியாத வித்தியாசத்துக்காக ஒரு கண்டெய்னரையே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஜனவரியில் ஸ்வாட்ச் வரவில்லை.

கூரியரில் தவறியிருக்கும் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டு மெயில் போட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. மறு தகவல் வரும்வரை பழைய ஸ்வாட்சையே பயன்படுத்தவும். நன்றி. அதற்கு அடுத்த மெயிலில் புது ஆர்டர். வழக்கமாக வருவதைவிட ஒன்றரை மடங்கு.

முதலாளி சலீம் பாய்க்கு ஆர்டர் மட்டும்தான் கண்ணில் பட்டது. அவரைக் குறை சொல்லவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடம் இந்தப் பக்கத்தில் எத்தனை கம்பெனி ஷட்டரை இறக்கியது என்று உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்வார்கள். "ஜெயந்திமா, ரெண்டாவது தையல் லைன் போட்டுடலாம். நாப்பது பேர் எடுங்க. கை வந்த ஆளா எடுங்க, கத்துக் குடுக்கறதுக்கு டைம் கெடையாது" என்றார்.

நான் ஸ்வாட்ச் விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்க ஆபீஸ்ல ஆள் மாறியிருக்கும். ஆர்டர் கம்மி ஆச்சுன்னா யோசிங்க. ஜாஸ்தி ஆகும்போது இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க?"

சென்னை ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். "வண்டிக்கு நல்ல கிராக்கி மேடம். நீங்க ஓவரா யோசிக்கறீங்க" என்று சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதாகத் தோன்றியது.

அன்றிலிருந்து அந்தக் காரைப் பற்றி இணையத்தில் தேட ஆரம்பித்தேன். வேலூரிலிருந்து கம்பெனி வேனில் வரும்போது போனில் அதுதான் வேலை. கார்களைப் பற்றி எழுதுகிற ஒரு பக்கத்தில், இந்த மாடலை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் ஒரு மின்சார வண்டி கொண்டுவர யோசிக்கிறார்கள் என்று இருந்தது. இன்னொன்றில் அப்படி எதுவும் இல்லை என்று இருந்தது. கார் கம்பெனியைக் கேட்டதற்கு, வரப்போகும் மாடல்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலைத்தான் பலமுறை படித்தேன். ஒரு வண்டி நிற்கப்போவதில்லை என்றால், நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு என்ன தடை?

எனக்கு ஒரு கணக்கு ஓடியது. கடைக்காரர் கடையைக் காலி செய்யும் முன்பும் சரக்கு நிறைய வாங்குவார், கடைசியாக ஒரு தள்ளுபடி போட. காரை நிறுத்துவதற்கு முன்னால் 'கடைசிப் பதிப்பு' என்று கொஞ்சம் வண்டி செய்து தீர்ப்பது அவர்கள் ஊர் வழக்கம். ஆர்டர் ஏறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஸ்வாட்ச் வராததற்கு அது மட்டும்தான் காரணமாக இருக்க முடியும்.

இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு முதலாளியிடம் லைன் போடாதீர்கள் என்று சொல்ல முடியாது. ஆள் எடுக்க ஆரம்பித்தேன்.

கை வந்த ஆள் எங்கே இருப்பார்கள்? பக்கத்து ஷூ கம்பெனிகளில்தான். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொன்னால் வருவார்கள். வந்தவர்களில் செல்வி என்று ஒருத்தி, ஒடுகத்தூர்ப் பக்கம். எட்டு வருடமாக ஒரே ஷூ கம்பெனி, பெர்மனென்ட். வளைந்த ஓரத்தில் இரட்டைத் தையல் போடச் சொன்னேன். கோடு போட்ட மாதிரி போட்டாள். ஏன் மாற நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"அந்தக் கம்பெனி வேன் அஞ்சரைக்கே வந்துடும் கா. உங்க வேன் ஆறரைக்குத்தான்னு சொன்னாங்க. என் பொண்ணு நாலாவது படிக்கிது. நான் கெளம்பும்போது அது தூங்கிக்கினே இருக்கும். ஒரு மணி நேரம் இருந்தா தலை பின்னி விட்டுட்டு வரலாம்." அவ்வளவுதான் அவளுடைய காரணம். பிறகு, "இங்க வேலை நிக்காதில்ல கா?" என்றாள்.

நான் சொன்னது இது: "ஆர்டர் ஜாஸ்தியாதாம்மா வருது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நீங்களும் இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். பொய் சொன்னால் இரவில் உறுத்தும். இது உறுத்தாது, அதுதான் இதில் உள்ள ஆபத்து. செல்வி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஒன்றாம் தேதி சேர வேண்டும், அந்த வார சனிக்கிழமைக்குள் பழைய கம்பெனியில் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும் என்று நாற்பது பேருக்கும் சொல்லியிருந்தோம்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் நான் ஸ்வாட்ச் அலமாரியைத் திறந்தேன். பழைய ஸ்வாட்சின் முத்திரையில் தேதி எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். உறை இருந்தது. உள்ளே துண்டு இல்லை.

அந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று தேவராஜிடம். தேவராஜ் எங்கள் ஷேட் மாஸ்டர். வெல்லக் கலரை முதன்முதலில் கொண்டுவந்தவரே அவர்தான். அதிகம் பேச மாட்டார். அப்போது சில நாளாக இன்னும் கம்மியாகப் பேசினார். நான் அவர் அறைக்குப் போனால் நோட்டை மூடுவார். அதற்கும் முன்னால் ஏஜென்ட் வந்திருந்த நாளில், எல்லோரிடமும் விடைபெற்ற பிறகு, காருக்குப் பக்கத்தில் நின்று தேவராஜோடு மட்டும் பத்து நிமிடம் பேசியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கார் நிற்கவில்லை. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகிறது. அதனால்தான் எங்களுக்குப் புது ஸ்வாட்ச் வரவில்லை. எங்கள் ஷேட்டை ஏஜென்ட் மூலமாக அந்தக் கம்பெனிக்குக் கொடுப்பது தேவராஜ். பத்து நிமிடத்தில் இந்தக் கதை எனக்குள் முழுசாக எழுந்து நின்றது. முந்தின நாள்வரை நான் நம்பிக்கொண்டிருந்த 'கடைசிப் பதிப்பு' கதையை அப்படியே கீழே போட்டுவிட்டேன். ஒரு கம்பெனியைச் சந்தேகப்படுவதைவிடக் கண் எதிரில் நடமாடுகிற ஒரு மனிதரைச் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சலீம் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர், "பதினெட்டு வருஷமா இருக்காரு" என்றார். பிறகு, "நீங்க நிச்சயமா சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு பாய்" என்றேன். நிச்சயமாக என்று நான் சொல்லவில்லை. என் பதில் அந்த வேலையைச் செய்துவிட்டது.

மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டில் செக்யூரிட்டி தேவராஜின் பையைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அதில் முத்திரை போட்ட ஸ்வாட்சும், அதே நிறத்தில் இன்னும் மூன்று துண்டுகளும் இருந்தன. வெளியே போக நின்றிருந்த நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவராஜ் என்னை ஒருமுறை பார்த்தார். "ரெண்டு நாள் வீட்ல இருங்க" என்று சலீம் பாய் சொல்ல, டப்பாவைப் பைக்குள் திரும்ப வைத்து, பையின் வாரைச் சரிசெய்து மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பொட்டலம் என் மேஜைக்கு வந்தது. ஸ்வாட்சை உறையில் வைத்துவிட்டு மற்ற மூன்று துண்டுகளையும் கையில் எடுத்தேன். எடுத்ததுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. மேல்பக்கம் தோல் மாதிரியே மடிப்பும் துவாரமுமாக இருந்தது. திருப்பினால் பின்பக்கம் நெய்த துணி. மூன்றுமே பிளாஸ்டிக். யாரோ எங்கள் வெல்லக் கலரைத் தோல் அல்லாத ஒன்றில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் ஷேட்டை வாங்கித் தோலில் போட நினைக்கிற எந்தக் கம்பெனிக்கும் இந்தத் துண்டு தேவையே இல்லை. நான் முதல் நாள் கட்டிய கதைக்குள் இது எந்தப் பக்கமும் நுழையவில்லை. ஆனாலும் அன்று முழுக்க நான் எழுந்து தேவராஜைப் பார்க்கப் போகவில்லை. அந்த மூன்று துண்டுகளையும் திருப்பித் திருப்பி வைத்து, தேவராஜ் தப்பு செய்ததாகவே இருக்கும்படியான வேறு ஒரு கதை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். நூறு பேர் முன்னால் ஒருவர் பையைத் திறக்க வைத்த பிறகு, அவர் தப்பு செய்திருக்கத்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடிக்கிறது. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை போனது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு தேவராஜ் வீட்டுக்குப் போனேன். வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கம், மாடி வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டார்.

"அந்தத் துண்டு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஏஜென்ட் குடுத்தாரு" என்றார் தேவராஜ். "இந்த மூணுல எது நம்ம ஷேட்டுக்குக் கிட்ட இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னாரு. அந்த முட்டைக்கண் வண்டிக்குப் பதிலா ஒண்ணு வருதாம். கரெண்டு வண்டி. அதுல தோலு கெடையாது. கலரு மட்டும் இதே வேணுமாம், பழைய வண்டி ஞாபகமா. ஆபீஸ்ல கலர் பாக்கற லைட் பாக்ஸ்ல வெச்சா நாலு பேர் கேப்பாங்க. வீட்டு மாடியில வெயில்ல வெச்சுப் பாக்கலாம்னு எடுத்துக்கினு வந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம்."

"எனக்கா?"

"வண்டி நிக்கப்போவுதுன்னு எனக்கே தெரியுது. மெயில் எல்லாம் உங்களுக்குத்தான் வருது. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? நீங்களும் பாயும் தெரிஞ்சே அந்தப் பொண்ணுங்களைக் கூப்ட்டு வெச்சுப் பேசறீங்கன்னு நெனச்சேன். கொஞ்ச மாசம் வேலை வாங்கிக்கினு அனுப்பிடலாம்னு. அதனாலதான் உங்களைப் பாத்தா எனக்குப் பேசவே புடிக்கல."

நான் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் என்னை அதைவிட மோசமானவளாக நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அறைக்கும் நடுவில் பன்னிரண்டு அடிகூட இருக்காது. அவரிடமும் ஆதாரம் இருந்தது, என்னிடமும் இருந்தது. கேட்கிற வேலையைத்தான் இருவருமே செய்யவில்லை. ஸ்வாட்ச் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்தபோது மெயில் போட்டேன், போன் செய்தேன், தேடிப் படித்தேன். தேவராஜ் விஷயத்தில் நேராக முதலாளியிடம் போனேன். யோசித்துப் பார்த்தால் இந்த ஒரு வித்தியாசம்தான்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "நீங்க இங்க சொல்றீங்க. அது கேட்ல நடந்துச்சு" என்றார் அவர் மனைவி, உள்ளறையிலிருந்தபடி.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, எல்லா வேனும் வந்து நிற்கும் நேரத்தில், தேவராஜை வரச்சொல்லி கேட்டில் நிறுத்தி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். நாலே வாக்கியம்தான் பேசினேன். சலீம் பாயும் பக்கத்தில் வந்து நின்று, "என் தப்பும் இருக்கு" என்றார். தேவராஜ் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனார். பிறகும் அவர் என்னோடு நன்றாகத்தான் பழகினார். ஆனால் பையில் எதை வைத்தாலும் கேட்டில் தானாகத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவார், யாரும் கேட்காவிட்டாலும். ரிட்டையர் ஆகும்வரை அப்படித்தான்.

கேட்டிலிருந்து நேராக சலீம் பாய் அறைக்குப் போய் மூன்று துண்டுகளையும் அவர் முன் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். அவர் குடும்பமே தோலில் மூன்று தலைமுறை. அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "இது ட்ரையல்மா. கார் கம்பெனிக்காரன் பத்து ட்ரையல் எடுப்பான், ஒம்பதைத் தூக்கிப் போட்டுடுவான். இதை நம்பி நான் லைன் போடாம விட்டு, வண்டி நிக்கலேன்னா? டைமுக்கு சரக்கு போகாது. அப்போ ஆர்டர் நிஜமாவே வேற இடத்துக்குப் போய்டும். இப்ப இருக்கிற எரநூறு பேருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"பொண்ணுங்ககிட்ட ஒரு வாரம் லெட்டர் குடுக்காதீங்கன்னு சொல்லட்டுமா?"

"சொன்னா ஊர் பூரா தெரியும். நாளைக்கு வாங்கறவங்ககிட்ட பேசிட்டு முடிவு பண்ணலாம்."

ஒரு நாள்தானே என்று நான் சரி என்றேன்.

என்ன கேட்பது என்பதுதான் பிரச்சினை. வண்டியை நிறுத்துகிறீர்களா என்று கேட்டால், வரப்போகும் மாடல்களைப் பற்றிப் பேசுவதில்லை என்பார்கள். பிளாஸ்டிக் துண்டைக் காட்டினால் ஏஜென்ட் மாட்டுவார், தேவராஜும் மாட்டுவார். அன்று முழுக்க இதை யோசித்தேன். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், சொல்லாமல் விடுவார்கள். அப்படியானால் சொல்லாமல் விட முடியாத ஒரு கேள்வி வேண்டும். அது அவர்களுடைய சொந்த விதியிலிருந்தே வந்தால் நல்லது.

வெள்ளிக்கிழமை சலீம் பாய் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் வீடியோ காலில் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் சீட் கம்பெனியில் வாங்கும் பிரிவைப் பார்க்கிற ஒரு அம்மா. பத்து வருடப் பழக்கம். என் தங்கை கல்யாணத்துக்குக்கூட வாழ்த்து அனுப்பியவர். ஆங்கிலத்தில்தான் பேசினோம். வானிலை, உடம்பு எல்லாம் விசாரித்த பிறகு நான் சொன்னேன்: "உங்கள் தர விதிப்படி மாஸ்டர் ஸ்வாட்சின் ஆயுள் ஒரு வருடம். எங்களிடம் இருப்பது முடிந்துவிட்டது. முடிந்துபோன ஸ்வாட்சை வைத்து நாங்கள் சரக்கு அனுப்பினால், பிறகு ஏதாவது திரும்பி வந்தால் பொறுப்பு எங்கள் தலையில் விழும். புதிதாக ஒன்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இந்தமுறை லைன் பெரிதாக்குகிறோம், அதனால் இரண்டு வருடத்துக்குப் போட்டுக் கொடுத்தால் வசதி."

அவர் மேஜையில் எதையோ நகர்த்தினார். திரைக்கு வெளியே ஒரு பக்கம் பார்த்தார். அங்கே யாரோ இருந்திருக்க வேண்டும். பிறகு திரும்பி, ரொம்ப மெதுவாக, "செப்டம்பர் வரைக்கும் போட்டுத் தருகிறேன்" என்றார்.

நான் சலீம் பாயைப் பார்க்கவில்லை. "செப்டம்பருக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"செப்டம்பர் வரைக்கும்" என்றார் மறுபடியும். "லைனை ரொம்பப் பெரிதாக்க வேண்டாம், ஜெயந்தி." இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அவர் வேலைக்கு அது ஆபத்து. நான் அது காதில் விழாதது மாதிரி நன்றி சொல்லி முடித்தேன்.

சலீம் பாய் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "லைன் வேணாம்" என்றார். "இருக்கிற ஆளை வெச்சே ஓவர்டைம் போட்டு ஓட்டலாம். அந்த நாப்பது பேருக்கும் உண்மையச் சொல்லுங்க. எட்டு மாசத்துக்குத்தான் வேலை. தெரிஞ்சு வர்றவங்க வரட்டும்."

நான் முதலில் கூப்பிட்டது செல்வியை.

"லெட்டர் குடுத்துட்டியாம்மா?"

"செவ்வாக்கிழமையே குடுத்துட்டேன் கா. ஏன் கா?"

செவ்வாய்க்கிழமை. நான் அந்த மூன்று துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நாள். என்னிடம் பதில் மேஜை மேலேயே இருந்தது. திங்கட்கிழமை தேவராஜை கேட்டில் நிறுத்தாமல் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அன்றைக்கே நாற்பது பேருக்கும் போன் போயிருக்கும்.

நாற்பதில் மூன்று பேர் கடிதம் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மூவரையும் கூட்டிக்கொண்டு அவரவர் கம்பெனிக்குப் போனேன். இரண்டு பேருக்குக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். செல்வியின் கம்பெனியில் அவள் மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டோம் என்றார்கள். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்ததும், "விடுங்க கா, எட்டு மாசம் உங்ககிட்டயே வர்றேன்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எட்டு மாதத்துக்கு என்று தெரிந்தே வந்தவர்கள் பதினோரு பேர். செல்வி பன்னிரண்டாவது. அவளுக்கு அந்த எட்டு மாதமும் மகளுக்குத் தலை பின்னிவிட நேரம் கிடைத்தது. செப்டம்பருக்கு முன்பே கார் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. அதிலும் நிறுத்துகிறோம் என்ற வார்த்தை எங்கும் இல்லை. 'ஒரு புதிய அத்தியாயம்' என்று போட்டு, வட்ட விளக்கோடு ஒரு மின்சார வண்டியின் படம். சீட் நிறம் எங்கள் வெல்லக் கலர். பொருள் என்னவோ பிளாஸ்டிக். கடைசிக் கண்டெய்னரை ஏற்றிய அன்று தையல் ஹாலில் இருந்த படத்தை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். சலீம் பாய் ஹேண்ட்பேக் ஆர்டர் பிடித்துக் கம்பெனியை எப்படியோ ஓட்டினார். பழைய ஆட்களில் யாரையும் அனுப்பவில்லை. பன்னிரண்டு பேருக்கு மட்டும் சொன்னபடி செப்டம்பரோடு முடிந்தது. செல்வி ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பேக் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். வருடம் ஒருமுறை கையெழுத்து, பெர்மனென்ட் இல்லை.

இதைப் படிக்கும்போது ஏஜென்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. நானும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் பார்த்தபோது, "சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க மேடம், நான் இன்னா பண்றது?" என்றார். அவரும் நம்மைப் போல நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான். ஒருவர் சொல்லாமல் விடுவதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். அவர் கெட்டவர் என்பது அவற்றில் ஒன்று மட்டுமே. இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தத் திங்கட்கிழமை கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஆகவே சந்தேகப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆர்டர் திடீரென்று ஏறினால் சந்தேகப்படுங்கள். கறாராக இருந்தவர்கள் திடீரென்று தளர்ந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகம் ஒரு மனிதர் மேல் வந்து நின்றால், அன்றைக்கே போய் அவரிடம் கேட்டுவிடுங்கள். தப்பு செய்தவரானால் கேட்டதால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. செய்யாதவரானால், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவரிடம் இருக்கும்.

போன மாதம் செல்வி போன் செய்தாள். உங்கள் யூனிட்டில் புது லைன் போடுவதாகவும் தைக்க ஆள் எடுப்பதாகவும் கேள்விப்பட்டாளாம். பெர்மனென்ட் ஆக்குவார்களாம். "நம்பி வரலாமா கா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் இப்ப அங்க இல்ல. இன்டர்வியூல உன் எதிர்ல உக்காந்திருக்கிறவங்ககிட்டயே கேளு. இந்த ஆர்டர் எது வரைக்கும்னு கேளு. பதில் சொல்லும்போது அவங்க எங்க பாக்கறாங்கன்னு பாரு" என்றேன்.

அடுத்த வாரம் வருகிறாள். நெற்றியில் சின்னதாகப் பச்சை குத்தியிருக்கும், அதிகம் பேச மாட்டாள், இரட்டைத் தையலைக் கோடு போட்ட மாதிரி போடுவாள். உங்களில் யாரோ ஒருவர்தான் அவள் எதிரில் உட்காரப்போகிறீர்கள்.